மூடில் செயலியில் முடித்த வினாடிவினா வளவாளருக்குத் தெரியாதிருப்பது குறித்து

ஈச்சிலம்பற்று ஆசிரியர்கள் வீட்டிலிருந்து முடித்ததாகச் சொல்லும் வினாடிவினா உங்கள் புள்ளிப் பட்டியலில் தெரியவில்லை என்பதற்காக, அவர்கள் அதைச் செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தின் செயலியில் இணையமின்றி எழுதிய விடைகள், ஒத்திசைவு (விடைகள் தளத்துக்குப் பதிவேறுதல்) நடக்கும் வரை அவரவர் கைத்தொலைபேசியிலேயே தங்கியிருக்கும்.

பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கலாம்: செயலி அமைப்புகளின் ஒத்திசைவுப் பகுதியில், வைஃபையில் மட்டும் ஒத்திசைக்கும் தெரிவு இயக்கப்பட்டிருந்தால், டேட்டாவை மட்டுமே பாவிக்கும் ஆசிரியரின் விடைகள் தாமாக மேலேறமாட்டா. ஒருவருடைய தொலைபேசியில் மட்டும் முதலில் அதை நிறுத்தி, ஒத்திசைத்து, உங்கள் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். சரிவந்தால், அடுத்த நேரடி அமர்வுக்கு அனைவரும் திருகோணமலைக்கு வரும்போது மற்றவர்களுடையதையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அதுவரை எவரும் செயலியை நீக்கவோ, செயலியில் எழுதிய அதே வினாடிவினா முயற்சியை உலாவியில் தொடரவோ கூடாது. சேமித்த விடைகள் இழக்கப்படலாம்.

இனி அமைக்கும் வினாடிவினாக்களிலும் செயலிவழி இணையமற்ற முயற்சிக்கு அனுமதி கொடுங்கள். நேர வரையறை இட்டால் அந்த வசதி இயங்காது; பணியிலுள்ள ஆசிரியருக்கு அவ்வரையறை தேவை என்றும் நான் கருதவில்லை.