பாதி மாடியில் மூச்சு வாங்கினால் வீடியோ ஆலோசனை போதாது

கேள்வி: எனக்கு வயது 63. சர்க்கரை 12 வருடமாக, பிரஷர் 8 வருடமாக இருக்கிறது. மாத்திரையும் இரவில் ஒரு இன்சுலின் ஊசியும் எடுத்துக்கொள்கிறேன். மகளின் தலைப்பிரசவத்துக்காக ஐந்து வாரத்தில் டல்லாஸ் கிளம்புகிறேன். ஆன்லைனில் ஒரு டாக்டரைப் பார்த்து, விமானத்தில் போகலாம் என்று சான்றிதழ் வாங்கினால் போதும் என்கிறார் மருமகன். விமானத்தில் காலில் ரத்தம் கட்டும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. அதற்காக ஆஸ்பிரின் வாங்கி வைத்திருக்கிறேன். காது அடைக்குமா? மாத்திரை எவ்வளவு கொண்டுபோகலாம்? இன்சுலினை எந்த ஊர் நேரப்படி போடுவது? தடுப்பூசி வேண்டுமா? முழங்கால் வலியும் உண்டு. இரண்டு மாதமாக மாடி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். இந்த வயதில் அது சகஜம்தானே? நேரில் போனால் டெஸ்ட் அது இது என்று சொல்லிப் பயணத்தையே நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, கும்பகோணம்

பதில்: சகஜம் இல்லை, அம்மா. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் கேட்டதில் முக்கால்வாசிக்கு வீடியோவிலேயே பதில் கிடைத்துவிடும். பாதி மாடியில் நிற்பதற்குக் கிடைக்காது.

வயதானால் மெதுவாக ஏறுவோம், சரி. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் நிற்காமல் ஏறிய அதே படியில் இப்போது நின்று ஏறுகிறீர்கள் என்றால், அதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் நெஞ்சு வலிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டு அந்த வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் பல நேரம் வலியை விட மூச்சு வாங்குவதும் அசதியும்தான் முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது, பிரஷரும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இதயம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டு, சிறுநீரகம், நுரையீரல் என்று எதுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க மருத்துவர் உங்கள் எதிரில் இருக்க வேண்டும். கீழிமையை இழுத்து வெளுப்பைப் பார்ப்பார். கழுத்து ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்த சத்தம் இருக்கிறதா, மார்பில் வைத்து இதய வால்வில் முணுமுணுப்பு இருக்கிறதா என்று கேட்பார். இதில் எதையும் கேமரா வழியாகச் செய்ய முடியாது. அப்புறம் இசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு பரிசோதனைகள். ஒன்றை மறக்காதீர்கள்: படுக்கவைத்து எடுத்த இசிஜி நன்றாக இருந்தால் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று ஆகிவிடாது. வேலை செய்யும்போது இதயம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கலாம். முழங்கால் வலியால் டிரெட்மில்லில் நடக்க முடியாது என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். நடக்காமல் செய்யும் வேறு பரிசோதனைகள் உண்டு.

விமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், வானத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஏறக்குறைய ஊட்டியின் உயரம். இடையில் விமானம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் சென்னையிலிருந்து டல்லாஸ் போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிடும். நல்ல இதயம் உள்ளவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைவதே தெரியாது. ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு அது கூடுதல் சுமை. விமானப் பயணத்துக்கு ஒருவர் தயாரா என்று பார்க்க மருத்துவர்கள் கேட்கும் பழைய, எளிய கேள்வி ஒன்று உண்டு: 50 மீட்டர் நடந்து, ஒரு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? உங்கள் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

காத்திருக்கும் இந்த நாட்களில் படுத்தால் மூச்சு முட்டினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, அப்பாயிண்ட்மெண்ட் தேதியைப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். ரத்தக்கட்டி, காது எல்லாம் அப்புறம். நேரில் போனால் மகளிடம் போக முடியாமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். அதனால்தான் ஆன்லைன் சான்றிதழ் பிடித்துப்போயிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் ஐந்து வாரம் இருக்கிறது. ரத்தசோகை என்றால் இப்போதே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். நீர் கோத்திருந்தால் மருந்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். அடைப்பு என்று வந்து ஸ்டென்ட் வைத்தாலும், சிக்கல் இல்லாதவர்கள் சில வாரங்களில் மருத்துவரின் அனுமதியோடு விமானம் ஏறுகிறார்கள். ஒருவேளை தேதி தள்ளிப்போனாலும் நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்வீர்கள். பார்க்காமலே போய், மகள் பிரசவ வார்டில் இருக்கும்போது நீங்கள் இதயப் பிரிவில் படுத்தால் மருமகன் யாரைப் பார்ப்பார்? பார்வையாளர்களுக்கான அமெரிக்க மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முழுதாகப் பணம் தருவதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அந்தச் சான்றிதழ் உங்களுக்குத் தேவையே இல்லை. சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்கும் பயணியிடம் விமான நிறுவனங்கள் வழக்கமாக அதைக் கேட்பதில்லை. அண்மையில் மாரடைப்பு, அறுவைசிகிச்சை என்று ஏதாவது இருந்தால் தனிப் படிவம் கேட்பார்கள். அதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் நிரப்ப வேண்டும். ஐந்து நிமிடம் திரையில் முகம் பார்த்து யாரோ தரும் தாள் உங்கள் இதயத்தைப் பற்றி எதையும் சொல்லாது. முழங்கால் வலிக்காகச் சக்கர நாற்காலி வேண்டும் என்றால் டிக்கெட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள். பொதுவாக அதற்குச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பிரினை எடுத்து ஓரமாக வையுங்கள். விமானப் பயணத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க அதை யாரும் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது; அந்த வேலைக்கு அது சரியான மருந்தும் இல்லை, வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு. இதய மருத்துவர் உங்களைப் பரிசோதித்துவிட்டு எழுதித் தந்தால் அது வேறு கதை. யூடியூபில் பயமுறுத்தியவருக்கு உங்கள் வயிறும் தெரியாது, சிறுநீரகமும் தெரியாது. அந்த வீடியோக்களை இனிப் பார்க்க வேண்டாம். நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கி, விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நடந்து, உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அழுத்தக் காலுறை வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் உடனே காட்ட வேண்டும், அவ்வளவுதான். காது அடைப்பு ஒரு பிரச்சினையே இல்லை. விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்புங்கள்.

வீடியோ ஆலோசனையை நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு முறையான இடம் கொடுத்திருக்கின்றன. மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் இலவசமாகவே மருத்துவரிடம் பேசலாம். உங்கள் விஷயத்தில் அது நன்றாக உதவும் இடம் இன்சுலின் கணக்கு. டல்லாஸ் நம்மை விடப் பத்தரை அல்லது பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மேற்கே போவதால் அந்த நாள் உங்களுக்கு நீண்டுவிடும். எந்த ஊசியை எப்போது, எத்தனை யூனிட், சாப்பாடு தள்ளிப்போனால் எந்த மாத்திரையை விட வேண்டும் என்பதையெல்லாம் உங்களை வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை மருத்துவரிடம் வீடியோவில் பேசி, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கீழே சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். மாத்திரைகளும் அதே பையில், அட்டையை விட்டுப் பிரிக்காமல், மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் உள்ள மருத்துவச் சீட்டோடு. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாள் அளவு வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் தங்கினால் அங்கேயே ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நம் ஊர்ச் சீட்டுக்கு அங்கே மருந்துக்கடையில் மருந்து தர மாட்டார்கள். அங்கிருந்து எங்களுக்கு வீடியோவில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். இந்திய வழிகாட்டுதல்கள் வெளிநாட்டில் இருப்பவருக்கான ஆலோசனைக்குப் பொருந்தாது.

தடுப்பூசி கேட்டீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி உங்களுக்கு வேண்டாம். கொரோனா ஊசிச் சான்றிதழை அமெரிக்கா 2023 மே மாதத்திலிருந்து பயணிகளிடம் கேட்பதில்லை. ஆனால் பிறந்த குழந்தையைத் தூக்கப் போகும் பாட்டி கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியும் ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. கக்குவான் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் நீண்ட இருமல்; பச்சைக் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டுக்கொண்டால்தான் உடலில் எதிர்ப்புசக்தி உருவாக நேரம் இருக்கும். மூச்சு வாங்குவதற்காக நேரில் போகும் அன்றே இதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.