சூடான் சமையலறைக்குத் தோட்டத்துப் பணம்: நடுவில் தரகர் எதற்கு?

கேள்வி: ஐயா, மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய தோட்டத்து மக்கள் சேர்ந்து நடத்தும் பதிவு பெற்ற சங்கத்துக்கு நான் பொருளாளர். சூடான் போரில் பட்டினி கிடப்பவர்களுக்காக வீடு வீடாகப் போய் 18,400 வெள்ளி (ரிங்கிட்) திரட்டினோம். பெரிய அமைப்புகளிடம் கொடுத்தால் பாதி ஆபீஸ் செலவுக்கே போய்விடும், அங்கே உள்ளூர் ஆட்களே நடத்தும் சமையலறைக்கு நேராக அனுப்பித் தருகிறேன் என்று ஈப்போவில் ஒருவர் சொல்கிறார். கழிவு 12 சதவீதம். முன்பணம் 500 வெள்ளியை அவருடைய கணக்கில் போட்டுவிட்டோம். மீதியையும் கொடுக்கலாமா? பின்னால் போலீஸ் தொல்லை வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதி 17,900 வெள்ளியும் சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். 500 வெள்ளிக்குக் கடைசியில் வருகிறேன்.

உள்ளூர்க்காரர் கைக்குப் பணம் போக வேண்டும் என்று நினைத்தீர்களே, அது மிகச் சரி. 2023 ஏப்ரல் 15ஆம் தேதி சூடான் இராணுவமும் ஆர்எஸ்எஃப் என்ற துணைப்படையும் மோதத் தொடங்கின. வெளிநாட்டு அமைப்புகளின் ஆட்கள் தலைநகர் கார்ட்டூமை விட்டு வெளியேறினார்கள். சோறு வடித்ததும் தண்ணீர் கொண்டுவந்ததும் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் அமைத்த 'அவசர உதவி அறைகள்'தான். 2025இல் நார்வேயின் ராஃப்டோ விருது அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் அவர்களுடைய சமையலறைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. அந்த இடத்தை நிரப்ப அறக்கட்டளைகளும் தனியார் நன்கொடையும்தான் வேகமாக வர முடியும். உங்கள் 18,000 வெள்ளியும் அதில் சேரும்.

ஆனால் உலக உதவி அமைப்புகளின் ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் கொடையாளி நாடுகளும் பெரிய அமைப்புகளும் கூடி, 2020க்குள் உதவிப் பணத்தில் 25 சதவீதத்தைக் கூடுமானவரை நேராக உள்ளூர் அமைப்புகளிடம் கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகும் நேராகப் போய்ச் சேர்வது அந்த இலக்கின் பக்கத்தில்கூட வராமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கொடையாளியிடமிருந்து ஐநா நிறுவனம், அதனிடமிருந்து வெளிநாட்டு அமைப்பு, அப்புறம்தான் உள்ளூர்க் குழு. நிர்வாகச் செலவுக்கென்று 7 சதவீதம் எடுப்பது மேலே இருப்பவர்களுக்குச் சாதாரண வழக்கம். கீழே குண்டு விழும் தெருவில் நின்று சமைக்கிறவர் போக்குவரத்துச் செலவு கேட்டால் திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பார்கள். இத்தனை ஆண்டு கணக்குத் தணிக்கை செய்த எனக்கு இதை நியாயப்படுத்த ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இந்தக் கோபம் மக்களுக்கும் இருக்கிறது என்று தெரிந்துதான் உங்கள் ஈப்போக்காரர் மாதிரி ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணி தலைக்காசு வாங்கிய கதையைப் பாட்டி சொல்லியிருப்பாரே, அதேதான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குக் காசு. உங்கள் 18,400 வெள்ளிக்கு இவருடைய தலைக்காசு 2,208 வெள்ளி. பெரிய அமைப்பு எடுப்பதைப் பழித்துக்கொண்டே அதைவிட அதிகம் கேட்கிறார். அந்தப் பெரிய அமைப்புக்காவது ஆண்டுக் கணக்கறிக்கை உண்டு. இவரிடம் என்ன உண்டு?

சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கோவில் தலைவரே சொன்னாலும் சரி. உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்குப் பணம் மாற்றிவிடும் தொழில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாருக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை மத்திய வங்கியான பேங்க் நெகாரா இணையத்தில் வைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை. 'நூற்றுக்கு நூறும் போய்ச் சேரும்' என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அங்கே நோட்டுத் தட்டுப்பாடு. பங்கக் (Bankak) என்ற வங்கிச் செயலியில்தான் பணம் கை மாறுகிறது. அதை நோட்டாக மாற்றக் கடைக்காரர் கழிவு எடுப்பார். இந்தச் செலவை மறைக்காமல் சொல்கிறவரை நம்பலாம். 2009இல் வன்னி மக்களுக்கென்று எங்கள் தோட்டத்தில் உண்டியல் ஏந்தி வந்த ஒருவரிடம் என் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த ஆளை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, நல்லவர்கள்கூட இதில் தவறு செய்கிறார்கள். 'அந்தச் சமையலறைக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா?' என்று கேட்பீர்கள். இருக்காது. அதற்காக மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே பதிவு கொடுக்கும் அரசே போரில் ஒரு தரப்பு. அதனிடம் பெயர்ப் பட்டியல் கொடுத்தால் மறுதரப்பு இவர்களை ஒற்றர் என்று பிடிக்கும். கொடுக்காவிட்டால் அரசுத் தரப்பே சந்தேகப்படும். இரண்டு பக்கத்தாலும் தொண்டர்கள் கைதாகியிருக்கிறார்கள், கொல்லவும்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் சட்டப்படி பதிவான ஓர் அமைப்பு நடுவில் நின்று பணத்தை வாங்கி, குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கணக்கும் வாங்கித் தருகிறது. சான்றிதழை இந்த நடு அமைப்பிடம் கேளுங்கள், சமைக்கிறவரிடம் கேட்காதீர்கள். சாப்பிடுகிறவர்கள் முகம் தெரியும் படம், தெருப் பெயர், தொண்டர் பெயர் எதையும் கேட்காதீர்கள். நீங்கள் வாட்ஸாப்பில் பகிரும் ஒரு படம் அங்கே ஒருவர் உயிருக்கு ஆபத்தாக முடியும். எத்தனை நாள் சமைத்தார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அரிசி பருப்புக்கு எவ்வளவு என்ற விவரம் போதும்.

போலீஸ் விஷயம். உங்கள் பயம் புரிகிறது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பென்று 12 பேர் கைதானதும், 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டதும் நம் ஆட்களுக்கு மறக்காது. பசித்தவருக்குக் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் வீடு வீடாக வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் பெர்மிட் வேண்டும். எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் மேலும் வசூலிக்காமல், மாவட்டப் போலீஸ் நிலையத்துக்குச் செயலாளரோடு போய் உள்ளதைச் சொல்லுங்கள். செயலவைத் தீர்மானத்தில் தொகை, நோக்கம், யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சங்கச் சட்டவிதி இதற்கு இடம் தருகிறதா என்று சங்கப் பதிவிலாகாவில் கேளுங்கள். வருமான வரிக் கழிவு வேண்டும் என்கிறவர்களுக்கு 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது தேவை. அது இந்தக் கதைக்குப் பெரிதில்லை.

சூடானுக்கு நீங்களே நேராக அனுப்பிப் பார்க்கவும் வேண்டாம். டாலரில் போகும் பணம் பெரும்பாலும் அமெரிக்க வங்கி வழியாகத்தான் போகும். சூடான் பெயரைக் கண்டாலே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். மாதக்கணக்கில் முடங்கலாம்.

அதனால் இங்கே பதிவான, கணக்கறிக்கை வெளியிடும் ஓர் உதவி அமைப்புக்குச் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதுங்கள். சூடானில் எந்த உள்ளூர் வலையமைப்போடு வேலை, எங்கள் பணத்தில் அவர்கள் கைக்குப் போவது எத்தனை வெள்ளி, அதை அரிசிக்கோ மருந்துக்கோ செலவிடும் முடிவு அவர்களுடையதா என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் மொத்தத்தையும் நிபந்தனை இல்லாமல் கொடுங்கள். 18,000 வெள்ளியைப் பத்தாகப் பிரித்துப் பத்து அறிக்கை கேட்பது அவர்களைக் கொல்லும் வேலை. இந்தச் சுங்கை சிப்புட்டின் சம்பந்தன், மஇகா கட்சித் தலைவராக இருந்தவர், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டுகிறவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டமே வாங்கினார்கள். நம் பணத்தை நமக்கே நிர்வகிக்கத் தெரியும் என்று நம்பிய ஊர் இது. சூடான்காரர்களையும் அப்படியே நம்பலாம்.

அந்த 500 வெள்ளி: திருப்பித் தரும்படி இன்றே வாட்ஸாப்பில் எழுதுங்கள், தொலைபேசியில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்க வேண்டும். பணம் போட்ட சிலிப்பை வைத்திருங்கள். வரவில்லை என்றால், அல்லது அவர் எண்ணே மாறிவிட்டால், உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதையும் கணக்கில் காட்டுங்கள்.