முப்பது வரைக்கும் எண்ணுறது

வாசகர் கடிதம்:

அக்கா வணக்கங்க. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசரா இருக்கேன், வயசு 36, படிச்சது பிளஸ் டூ. போன வருஷம் கம்பெனில முதலுதவி கிளாஸ் வச்சாங்க, சர்டிபிகேட் வாங்குனேன். மூணு மாசம் முன்னாடி டெய்லர் பொண்ணு ஒருத்திக்கு மெஷின் பக்கத்துலயே வலிப்பு வந்துருச்சு. ஆளாளுக்கு சாவிக்கொத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க, நான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு மெஷினை ஆஃப் பண்ணி, தலைக்குக் கீழ துணி வச்சு, வலிப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். இப்ப எச்.ஆர்ல "நீயே ட்ரெய்னர் ஆயிரு, கம்பெனி பணம் கட்டும்"ங்கறாங்க. நான் நர்ஸ் இல்லீங்க, இங்கிலீஷ் தடுமாறும், நாலு பேர் முன்னாடி நின்னா வாய் வறண்டுரும். எனக்குத் தகுதி இருக்குங்களா?

பதில்:

உங்க கடிதத்துல எனக்குப் பிடிச்சது, ஓடி வந்தவங்க கையில என்ன இருந்துச்சுன்னு நீங்க பாத்திருக்கீங்க. அந்தப் பதட்டத்துல நிறைய பேர் கண்ணுக்கு அது தெரியாது. இந்த வேலைக்கு முக்கியமா வேண்டியது அந்தக் கண்ணுதான், வாய் வறண்டா தண்ணி பாட்டில் வச்சுக்கலாம்.

நானும் நர்ஸ் இல்லீங்க, காலேஜ் லேப்ல அசிஸ்டெண்டா இருந்தவ. இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ்ல நம்மளையே ஒரு பகுதி நடத்தச் சொல்லுவாங்க, எனக்கு சிபிஆர் வந்துச்சு, அதாவது இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்சை அமுக்கி, வாயில ஊதறது. நான் ராத்திரி உக்காந்து தயார் பண்ணிட்டுப் போனேன். அமுக்கிப் பழகறதுக்கு வச்சிருக்கற ஆள் மாதிரிப் பொம்மையைச் செஞ்சது நார்வேயில பொம்மை கம்பெனி வச்சிருந்த லேர்டால்னு ஒருத்தர், வருஷம் 1960, பாரிஸ்ல ஆத்துல மூழ்கி செத்துப்போனதா சொல்ற பேர் தெரியாத ஒரு பொண்ணோட முகத்தைத்தான் அச்சா எடுத்தாங்க, ஆம்பளை முகம் வச்சா ஆம்பளைங்க வாய் வச்சு ஊதத் தயங்குவாங்கன்னு அவர் நெனச்சாராம்னு சும்மா கதாகாலட்சேபம் மாதிரி சொல்லிக்கிட்டு போறேன், எல்லாரும் ரசிச்சுக் கேக்கறாங்க. முடிச்சதும் ட்ரெய்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "உங்க முன்னாடி அமுக்கிட்டு இருந்தாரே, அவர் முழங்கை எப்படி இருந்துச்சு?" எனக்குத் தெரியல. மடங்கி இருந்துச்சாம், கை வயித்துப் பக்கம் இறங்கி இருந்துச்சாம், அமுக்கிட்டு நெஞ்சு மேல எழும்பவே விடாம சாஞ்சுட்டு இருந்தாராம். நான் நார்வேல இருந்தேன்.

அன்னிக்குத்தான் புரிஞ்சது, நமக்குத் தெரிஞ்சதைச் சொல்றது வேற, அடுத்தவங்க கை என்ன செய்யுதுன்னு பாக்குறது வேற. நெஞ்சு நடுவுல, மார்பெலும்போட கீழ்ப்பாதியில உள்ளங்கை அடிப்பக்கம், 5 சென்டிமீட்டராவது கீழ போகணும், 6 தாண்டக்கூடாது, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120, இதை யூடியூப் பாத்து யாரும் ஒப்பிச்சுருவாங்க. எட்டு பேர் எட்டு தப்பு பண்ணும்போது எந்தத் தப்பை முதல்ல திருத்தறதுன்னு முடிவு பண்றதுதான் வேலை. எல்லாத்தையும் ஒரே நேரத்துல சொன்னீங்கன்னா அந்த ஆளு அமுக்குறதையே நிறுத்திட்டு உங்க மூஞ்சியப் பாப்பாரு.

ஒரு சின்ன விஷயம், எந்த இங்கிலீஷ் வீடியோலயும் வராது. 30 தடவை அமுக்கிட்டு 2 தடவை ஊதணும், அந்த 30ஐ 15லேர்ந்து 18 செகண்டுக்குள்ள முடிக்கணும். நம்மாளுங்க தமிழ்ல எண்ணுவாங்க, பத்து வரைக்கும் ஜம்முனு போகும், "இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு"ன்னு வந்ததும் வார்த்தை நீளமாயிடும், வாயோட சேந்து கையும் ஸ்லோவாயிடும். முதல் ரெண்டு மூணு கிளாஸ்ல இவங்க ஏன் கடைசியில மட்டும் இழுக்கறாங்கன்னு புரியாம களைப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும், மூணு தடவைன்னு மாத்துனேன், சரியாயிடுச்சு. இங்கிலீஷ் தடுமாறும்னு எழுதியிருந்தீங்களே, அதுக்குத்தான் இதைச் சொல்றேன். உங்க லைன்ல இருக்கறவங்க எந்த பாஷையில எண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும், ஹிந்திக்காரப் பசங்க இருந்தா அவங்களையும் எண்ணச் சொல்லிக் கேளுங்க.

லேர்டால் ஆம்பளை முகத்துக்குத் தயங்குவாங்கன்னு யோசிச்சாரு இல்லீங்களா, இங்க தயக்கம் வேற மாதிரி. பொம்மை மேல கை வைக்கும்போதே பாதிப் பேர் சிரிப்பாங்க, அப்புறம் பின் பெஞ்ச்லேர்ந்து ஒருத்தர் மெதுவா கேப்பாரு, "லேடீஸா இருந்தா எங்க மேடம் கை வைக்கறது?" அதே இடம்தான். ஆனா வாயால சொன்னா ஆகாது, நான் இப்பல்லாம் பொம்மைக்கு ஒரு சுடிதார் டாப்பும் துப்பட்டாவும் போட்டு விட்டுர்றேன், துப்பட்டாவை ஒதுக்கி, ஐடி கார்டு கயிறை நகத்தி, அங்கேயே அமுக்கிப் பழகட்டும். உங்க கம்பெனில தைக்கறதுல முக்காவாசி பொண்ணுங்கதான் இருப்பாங்க, மெக்கானிக்கும் கட்டிங் மாஸ்டரும் ஆம்பளைங்களா இருப்பாங்க, அதனால இதைத் தாண்டிப் போயிராதீங்க.

அப்புறம் வீட்டு வைத்தியம். அயர்ன் டேபிள்ல சுட்டுக்கிட்டா பேஸ்ட், இங்க், தோசை மாவுன்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. சிரிச்சுராதீங்க, அது அவங்க அம்மா செஞ்சது. நான் ஆரம்பத்துல சிரிச்சேன், அந்தம்மா அதுக்கப்புறம் வாயே தொறக்கல. ஓடற குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டணும், அவ்வளவுதான், "20 நிமிஷமா, ப்ரொடக்ஷன் என்னாகறது"ன்னு சூப்பர்வைசர்தான் கேப்பாரு, அந்த சூப்பர்வைசரே நீங்கங்கறது நல்லதாப் போச்சு.

போலீஸ் கேஸாகுமான்னும் கண்டிப்பா கேப்பாங்க. ரோடு ஆக்சிடெண்ட்ல உதவி பண்றவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு 2016லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு தனிப் பிரிவே சேத்தாங்க. அந்த நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, நம்பர் சொன்னா நம்பறாங்க.

இனி சர்டிபிகேட் பக்கம். ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு ரூட், நான் போனது அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் ரூட். அதுல டாக்டர், நர்ஸ் இல்லாதவங்களுக்குன்னு ஹார்ட்சேவர்னு ஒரு பிரிவு இருக்கு. முதல்ல அதுல சாதாரண மாணவரா பாஸ் பண்ணணும், அப்புறம் ஒரு ட்ரெய்னிங் சென்டர் உங்களை எடுத்துக்க ஒத்துக்கணும், ஆன்லைன்ல ஒரு பாடம், நேர்ல இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ், அதுக்கப்புறம் 6 மாசத்துக்குள்ள நீங்க நடத்தற கிளாஸை மூத்தவர் ஒருத்தர் உக்காந்து பாக்கணும். கார்டு 2 வருஷம்தான், அதுக்குள்ள 4 கிளாஸாவது எடுத்திருக்கணும். பொம்மையே தொடாம ஆன்லைன்ல ஒரே நாள்ல இன்ஸ்ட்ரக்டர்னு விளம்பரம் வரும், அதுக்குக் கம்பெனி காசைக் கட்ட வச்சுராதீங்க. அதே மாதிரி, உங்க சர்டிபிகேட்டை யாரு ஏத்துக்குவாங்கன்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி எச்.ஆரை எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லுங்க. 1948 பேக்டரீஸ் ஆக்ட்லயே 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதுக்கு சர்டிபிகேட் வாங்குன ஒரு ஆளு பொறுப்புன்னு இருந்துச்சு, அந்த சர்டிபிகேட் மாநில அரசு ஏத்துக்கிட்டதா இருக்கணும்னும் இருந்துச்சு. நீங்க கார்டு வாங்கிட்டு வந்து நடத்தி, ஆடிட்டுக்கு வர்றவங்க இது செல்லாதுன்னுட்டா பாவம்.

சேலை கட்டிட்டுப் போகாதீங்க கோர்ஸுக்கு, நாள் பூரா முட்டி போட்டு எந்திரிக்கணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. டீ டைம்ல லைன்ல ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, துணிப் பண்டல் மேல 2 நிமிஷம் அமுக்கச் சொல்லுங்க, நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடிஞ்சதும் அவ முழங்கை, தோள், கை இருந்த இடம், எண்ணிக்கை எங்க ஸ்லோவாச்சு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்புங்க.