மிச்சச் சோற்றைச் சூடாக்கிக் கொடுத்தும் வாந்தி வந்தது ஏன்?

கேள்வி: இரவு எட்டு மணிக்குக் குக்கரில் சோறு வைத்தேன். மிச்சத்தைக் குக்கரிலேயே மூடி அடுப்பு மேடையில் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தபோது வாசனை நன்றாகத்தான் இருந்தது. முட்டை உடைத்து ஊற்றி, கேரட், பீன்ஸ் போட்டு, ஆவி பறக்கக் கிளறி, எட்டு வயது மகனுக்கு ஃப்ரைடு ரைஸாக டிபன் பாக்ஸில் கட்டினேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவன் இரண்டரைக்கு வகுப்பிலேயே வாந்தி எடுத்திருக்கிறான். அப்புறமும் நாலைந்து தடவை. காய்ச்சல் இல்லை. மறுநாள் காலையில் எழுந்து விளையாடப் போய்விட்டான். முட்டை கெட்டுப் போயிருக்கும் என்கிறார் கணவர். "நாங்களெல்லாம் பழைய சோறு தின்று வளரவில்லையா" என்கிறார் மாமியார். நன்றாகச் சூடாக்கித்தானே கொடுத்தேன்? மிச்சச் சோற்றை இனி என்னதான் செய்வது? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: முதலில் முட்டையை விடுதலை செய்துவிடலாம். முட்டையோடு வரக்கூடிய சால்மொனெல்லா வயிற்றுக்குள் போய்ப் பெருகித்தான் தொந்தரவு கொடுக்கும். அதற்குக் குறைந்தது ஆறு மணி நேரம், பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் ஆகும். வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சில நாள் படுத்தி எடுக்கும். உங்கள் மகனுக்கு இரண்டு மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டது. இது கிருமி உள்ளே போய்ச் செய்த வேலை மாதிரி தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே நஞ்சு அதில் தயாராக இருந்திருக்க வேண்டும்.

இப்படி உணவிலேயே நஞ்சு தயாரித்து வைக்கும் கிருமிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கையிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இன்னொன்று பேசில்லஸ் சீரியஸ். பரிசோதனை செய்து பார்க்காமல் இன்னதுதான் என்று அறுதியிட முடியாது. ஆனால் சோறு, இரவு முழுக்க வெளியே, மறுநாள் ஃப்ரைடு ரைஸ் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான் விழும்.

பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழ்வது. வயலிலிருந்து நெல்லோடு வந்து அரிசியிலும் தங்கிவிடும். எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கினாலும் அரிசியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அதனால் அரிசிக்கடைக்காரரோடு சண்டை வேண்டாம். சூழல் சரியில்லாதபோது இது கெட்டியான உறைக்குள் சுருண்டு வித்தாகிவிடும். ஸ்போர் என்பது இதைத்தான். கொதிநீரில் சாதாரண பாக்டீரியாக்கள் செத்துவிடும், வித்துகளில் பல தப்பிவிடும். குக்கரில் அழுத்தத்தால் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது என்பதால் அங்கே கூடுதலாகச் சாகும். ஆனால் மூடியைத் திறந்து, கரண்டி விட்டு, நாலு பேருக்குப் பரிமாறிய பிறகு உள்ளே புதிதாக என்ன போனது என்று யாருக்குத் தெரியும்? இன்னொரு வேடிக்கை: தப்பிய வித்துகளுக்கு அந்தச் சூடே எழுப்பி விடும் மணியாகிவிடுகிறது. சோறு ஆறத் தொடங்கியதும் அவை முளைக்கின்றன. போட்டிக்கு வரக்கூடிய மற்ற கிருமிகளை நீங்கள் கொதிக்க வைத்தே கொன்றுவிட்டீர்கள். மாவுச்சத்தும் ஈரமும் தாராளம்.

திருச்சியின் இரவு வெப்பநிலை இந்தக் கிருமிக்கு மிகவும் பிடித்த 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் வெந்த சோற்றில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மூடிய குக்கரில் சோறு ஆறவே இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். பத்தரையிலிருந்து காலை ஆறரை வரை எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பதினாறு இரட்டிப்பு. ஒரு கிராமில் 10 இருந்தால் 6,55,360 ஆகிவிடும். நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஓடாது, வித்து முளைக்கவே நேரம் பிடிக்கும். இருந்தாலும், கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்பதுதான் உணவுக் கிருமிகளை ஆராயும் எங்கள் துறையின் பொதுவான அளவுகோல். இவ்வளவு பெருகியும் சோற்றின் வாசனையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். அதனால்தான் உங்கள் மூக்கு உங்களை எச்சரிக்கவில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். காலையில் ஆவி பறக்கக் கிளறியபோது சோற்றிலிருந்த உயிருள்ள பாக்டீரியாக்கள் பெருமளவு செத்திருக்கும். அதில் உங்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை பெருகும்போது செரியுலைடு என்ற சிறிய, வளைய வடிவ நச்சுப்பொருளைச் சோற்றில் விட்டுவிட்டன. அது 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. இரைப்பை அமிலத்துக்கும் அசையாது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் கொதிக்க வைத்து உப்பைப் போக்க முடியுமா? அதுபோலத்தான். வாணலி, மைக்ரோவேவ், குக்கர் எதில் சூடாக்கினாலும் கிருமி போகும், நஞ்சு நிற்கும்.

ஆய்வகத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். சந்தேகப்பட்ட சோற்றைக் கரைத்து, முட்டை மஞ்சள் கரு சேர்த்த வளர்தட்டில் தடவி, ஒரு நாள் இளஞ்சூட்டில் வைப்போம். பேசில்லஸ் சீரியஸ் இருந்தால் சொரசொரப்பான இளஞ்சிவப்புப் பொட்டுகள் முளைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி வெண்மையாக ஒரு வளையம் கட்டியிருக்கும். மஞ்சள் கருவை அது சிதைத்ததன் அடையாளம் அந்த வளையம். அதே சோற்றை நன்றாக வறுத்துவிட்டுத் தடவினால் தட்டில் அநேகமாக ஒன்றிரண்டு பொட்டுகூடத் தெரியாமல் போகலாம். ஆனால் நஞ்சு அப்படியே இருக்கும். அதைக் காட்டிக் கொடுக்க, மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி போன்ற விலையுயர்ந்த கருவி வேண்டும். "டெஸ்ட் பண்ணினோம், கிருமி இல்லை" என்று ஒரு கேட்டரிங்காரர் சொன்னால் நான் உடனே நிம்மதி அடைவதில்லை.

ஃப்ரைடு ரைஸுக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள உறவு பழையது. 1971 முதல் லண்டனிலும் பிரிட்டனின் பிற இடங்களிலும் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் ஓரிரு மணி நேரத்தில் வாந்தி எடுத்த சம்பவங்கள் வரிசையாகப் பதிவாயின. ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு ஒட்டிக்கொள்ளும், வறுக்கும்போது உதிரியாக வராது என்பதால், வேகவைத்த சோற்றைச் சமையலறையின் கதகதப்பிலேயே இரவெல்லாம் விட்டு, ஆர்டர் வர வர வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கில்பர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார்கள். வேகவைத்த சோற்றில் இந்தக் கிருமி 30 முதல் 37 டிகிரியில் மிக வேகமாகப் பெருகுகிறது என்று கண்டார்கள். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வடியுங்கள், வடித்ததை 63 டிகிரிக்கு மேல் சூடாகவே வையுங்கள், இல்லையேல் சீக்கிரம் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. ஐம்பது ஆண்டுகளாகியும் இதைவிடச் சிறப்பாக யாரும் சொல்லிவிடவில்லை. நேற்றைய சோறுதான் ஃப்ரைடு ரைஸுக்குச் சுவை என்பது சமையல்காரர்களின் கொள்கை. நானும் ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோறு இரவை ஃப்ரிட்ஜில் கழித்திருந்தால்.

இதே கிருமிக்கு வேறொரு முகமும் உண்டு. 1940-களின் கடைசியில் ஆஸ்லோவில் நூற்றுக்கணக்கானோருக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, நார்வே ஆய்வாளர் ஸ்டெய்னர் ஹாகே வெனிலா சாஸில் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்துப் பார்த்தார். சுமார் 13 மணி நேரம் கழித்து அவருக்கும் வயிற்றுவலியும் பேதியும் வந்தன. அந்த வகையில் நஞ்சு குடலுக்குள் உருவாகிறது, சூடுபட்டால் அழிந்தும் விடும். உங்கள் மகனுக்கு வந்தது அது இல்லை.

மாமியார் சொல்வதை நான் ஒதுக்க மாட்டேன். பழைய சோறு வெறும் மிச்சச் சோறு அல்ல. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி நீரைப் புளிக்க வைக்கின்றன. தினமும் அதே பானையில் ஊறவைக்கும் வீட்டில் அவை ஏற்கெனவே காத்திருக்கும். புளிப்பு போதிய அளவு ஏறிவிட்டால் பேசில்லஸ் சீரியஸால் பெருக முடியாது. காற்று அதிகம் படாத இடத்தில் அது செரியுலைடு தயாரிப்பதும் குறைகிறது, சோறு தண்ணீருக்குள் மூழ்கியிருப்பது அந்த வகையிலும் நல்லது. அதற்காகப் பழைய சோற்றில் ஆபத்தே இல்லை என்று முத்திரை குத்த மாட்டேன். புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் கிருமி முந்திக்கொள்ளலாம். அதனால் சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை முழுவதும் மூழ்க ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். இதமான புளிப்பு வாசனை இருக்கலாம். கொழகொழத்து நூல் விட்டால் கீழே கொட்டுங்கள். நீங்கள் குக்கரில் விட்ட சோறு புளிக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. இரண்டு பாதுகாப்பும் இல்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடந்தது.

இனிச் செய்ய வேண்டியது: சாப்பிட்டு முடித்ததும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், தூங்கப் போகும்போது அல்ல. குக்கரிலிருந்து எடுத்து அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கடியில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் மேலே ஆறிவிட்டது போலத் தெரியும், நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் சிக்கல். பரப்பினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று விடிய விடியக் காத்திருக்கத் தேவையில்லை, லேசான சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் ஒன்றும் கெட்டுவிடாது. சோற்றை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது பிரிட்டன் உணவுத் தர முகமையின் அறிவுரை. நம் ஊர் மின்வெட்டுக்கு அது இன்னும் பொருந்தும். எடுத்ததை ஒரே தடவை சூடாக்குங்கள். மிஞ்சினால் மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் என்றதும் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2003-இல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை செய்த பாஸ்தா சாலட்டைச் சனிக்கிழமை சுற்றுலாவுக்கு எடுத்துப் போனது. மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்துத் திங்கள் மாலை ஐந்து பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஐவருக்கும் உடல்நிலை கெட்டது. ஏழு வயதுச் சிறுமி கல்லீரல் செயலிழந்து இறந்துபோனாள். பிறகு அந்த ஃப்ரிட்ஜை அளந்து பார்த்தால் உள்ளே 14 டிகிரி. இப்படி நடப்பது மிக மிக அபூர்வம், பயமுறுத்தச் சொல்லவில்லை. உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சின்னத் தெர்மாமீட்டரைத் தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு இரவு வைத்துப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சித்திரை வெயிலில், அடைசலாகத் திணித்த ஃப்ரிட்ஜ் பலருக்கும் அதிர்ச்சி தரும்.

டிபன் பாக்ஸுக்குக் காலையில் வடித்த புதுச் சோறுதான் நல்லது. அதிலும் புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் இவை வெயில் காலத்தில் முட்டைச் சோற்றைவிடப் பத்திரம். புளிப்பு கிருமிக்குத் தடை போடும். புளி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். ஹாட் பாக்ஸ் சோற்றைச் சூடாக்காது, ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நாலு மணி நேரத்தில் அது நடுத்தரச் சூட்டுக்கு இறங்கிவிடுவதால் மிச்சத்தை இரவுக்கு அதிலேயே வைக்கக் கூடாது. எலக்ட்ரிக் குக்கரின் கீப் வார்ம் 60 டிகிரிக்கு மேல் நிற்கிறதா என்பதையும் அதே தெர்மாமீட்டரால் பார்த்துவிடலாம்.

மறுபடி யாருக்காவது இப்படி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மடமடவென்று குடிக்க வைத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், தயாராகிவிட்ட நஞ்சை அது ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரத்துக்குச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, எழுப்ப எழுப்ப எழாமல் சோர்ந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டப்பாவில் மீதி இருந்தால் கழுவிவிடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, கேட்டால் மருத்துவரிடம் கொடுங்கள். ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வந்திருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள், பரிசோதனைக்கு அந்த மீதி வேண்டியிருக்கும்.