டாக்டரம்மா பதில்கள்: இருபத்தாறு வருடத்துக்குப் பிறகும் பயிற்சியா?

கேள்வி: மாதவிடாய் நின்று ஆறு வருடமான என் மாமியாருக்குத் திடீரென்று லேசாக உதிரம் பட்டது. பயந்துபோய் முதல் பஸ்ஸில் கூட்டி வந்தேன். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உங்கள் கிளினிக் வாசலில் 'டாக்டர் பயிற்சிக்குச் சென்றுள்ளார், 2 நாள் விடுமுறை' என்று எழுதியிருந்தது. இருபத்தாறு வருடமாக வைத்தியம் பார்க்கிற உங்களுக்கு இன்னும் என்ன பயிற்சி?
– வாசகி, பூம்பாறை

பதில்: முதலில் மாமியாரைப் பார்ப்போம். ஒரே ஒரு தடவைதானே, அதுவும் நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது. ஆனால் புற்று இல்லை என்று உறுதியான பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். இதைப் படித்த மறுநாளே கூட்டி வாருங்கள். உங்களை அலைய விட்டதற்கு வருந்துகிறேன். முதல் நாள் மாலைதான் பலகையைத் தொங்கவிட்டேன், அது என் தவறு. இனி பதினைந்து நாள் முன்பே எழுதி வைக்கிறேன்.

பயிற்சிக்கு ஏன் போனேன் என்பதற்கு உங்கள் மாமியாரே காரணம் என்று சொல்வேன். நான் படித்த காலத்தில் இப்படி ஒருவர் வந்தால் 'டி அண்ட் சி'தான், அதாவது கர்ப்பப்பை வாயை விரித்து உள்சுவரைச் சுரண்டி எடுப்பது. மலையிறங்கி ஒரு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், கூட ஒருவர் தங்க வேண்டும். இப்போது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கிறது, பைபெல் என்பார்கள். அதை உள்ளே விட்டுக் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம். மயக்க மருந்து வேண்டாம். மாதவிடாய் வலி போலச் சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். முதல் பஸ்ஸில் வந்தவர் மத்தியான பஸ்ஸில் வீடு திரும்பலாம். இப்படி அட்மிஷன், ஆபரேஷன் தியேட்டர் எதுவும் இல்லாமல் டாக்டர் அறையிலேயே முடிக்கிற வைத்தியத்தை ஆபீஸ் கைனகாலஜி என்கிறோம். நான் கல்லூரியை விட்டு வந்த பிறகு வளர்ந்தது இதில் நிறைய.

இந்த முறை மதுரையில் பப்பாளியை வைத்துப் பழகினோம். நிஜமாகவே பப்பாளிதான். சின்னதாக, கொஞ்சம் காயாக இருக்கிற பழம், வடிவத்தில் கர்ப்பப்பை மாதிரியே இருக்கும். பக்கத்தில் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, காம்புப் பக்கமாக நுழைந்து காப்பர் டி வைக்கவும், கையால் இயக்கும் உறிஞ்சு குழாயால் உள்ளே இருப்பதை எடுக்கவும் பழக வேண்டும். அதிகமாக அழுத்தினால் மறுபக்கம் ஓட்டை விழுந்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கை அங்கே கற்றுக்கொள்கிறது. அதைப் பெண்களின் உடம்பில் கற்றுக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மேல்மலையில் ஒரு ஆத்தா. விறகும் பூண்டு மூட்டையும் சுமந்த உடம்பு. அடி இறங்கிவிட்டது, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது என்று ஒன்பது வருடம் முன்பு என்னிடம் வந்தார். ஆபரேஷன்தான் வழி என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு இதயம் பலவீனம், கூடப் போக ஆள் இல்லை, போகவில்லை. பழைய சேலையைக் கிழித்துக் கோவணம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டே அத்தனை வருடமும் காட்டு வேலை பார்த்திருக்கிறார். அதற்குள் ஒரு பயிற்சியில் நான் பெசரி வளையம் பொருத்தக் கற்றிருந்தேன். சிலிகான் வளையம், மடித்து உள்ளே வைத்தால் விரிந்து கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும். அவர் மறுபடி வந்தபோது விரலால் அளந்து முதலில் வைத்த வளையம், இருமச் சொன்னதும் நழுவியது. அடுத்த அளவு நின்றது. எழுந்து நடந்து, உட்கார்ந்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்தார். "இத்தன வருசமா இத ஏன் தாயி யாரும் சொல்லல?" என்று கேட்டார். வளையம் அப்போதும் இருந்தது, எனக்குத்தான் பொருத்தத் தெரியாது. இதை அவரிடமே சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார், கழற்றிக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைத்து அனுப்புகிறேன்.

கேள்வி: டி.ஜி.ஓ. (மகப்பேறு, மகளிர் மருத்துவப் பட்டயப் படிப்பு) முடித்துத் தனியாக கிளினிக் தொடங்கியிருக்கிறேன். பயிற்சி மணி நேரத்துக்காகப் போகிற கூட்டங்களில் பெரும்பாலும் லேப்ராஸ்கோபி, ரோபோ சர்ஜரி பற்றித்தான் பேசுகிறார்கள். என் அறைக்கு எது உதவும்?
– ஒரு டாக்டர், ஒட்டன்சத்திரம்

பதில்: 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகள் டாக்டர்களிடம் 5 வருடத்துக்கு 30 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன. வருடத்துக்கு ஆறே மணி நேரம். உட்கார்ந்து கேட்டே அதை நிரப்பிவிடலாம், ஆனால் திங்கட்கிழமை காலை அதில் எதுவும் கைக்கு வராது தம்பி. கருவியை உங்கள் கையில் கொடுக்கிற பயிற்சியாகப் பார்த்துப் போங்கள். காப்பர் டி, பைபெல், பெசரி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான வினிகர் சோதனை, இந்த நான்கும் போதும் தொடங்க. அதிக உதிரப்போக்குக்கு கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்தைப் பொருத்தவும் பழகிக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி எத்தனை பேரைக் கீழே அனுப்பினேன் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. அப்புறம், உங்கள் நர்ஸையும் கூட்டிப் போங்கள். அவர் கற்றுக்கொண்டால்தான் கருவியைக் கொதிக்க வைப்பது முதல் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வது வரை ஒழுங்காக நடக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் முகாமில் நர்ஸ் ஒருவரே கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் சோதனை செய்தார். டாக்டர் பார்க்காததை நம்பலாமா?
– வாசகி, பண்ணைக்காடு

பதில்: பயிற்சி பெற்ற நர்ஸ் என்றால் தாராளமாக நம்பலாம். இது நிரூபிக்கப்பட்டதே நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான். 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்குக் கிராமம் கிராமமாக நர்ஸ்களே ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்தார்கள். 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளையை மற்ற வெள்ளையிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான் பயிற்சி வேண்டும். உங்கள் சீட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தால் புற்று என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்கு வர வேண்டும் என்றுதான் அர்த்தம். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.