விறகு வெட்ட எந்தக் கத்தி?

கேள்வி: மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். விறகு வெட்ட வீட்டு மீன் கத்தி போதுமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. அதன் மெல்லிய வாய் காய்ந்த விறகில் மடங்கிவிடும். லாரியின் ஸ்பிரிங் பட்டை இரும்பில் அடித்த வெட்டுக்கத்தி வாங்குங்கள்: அலகு 10 அங்குலம், முதுகு 5 மி.மீ., எடை 600 கிராம் அளவில். அதிக கனமானால் கை ஓய்ந்து, வெட்டு காலில் இறங்கும்.

கைப்பிடியில்தான் ஆபத்து. அலகின் ஒடுங்கிய வால் மட்டும் பிடிக்குள் சொருகிய கத்தியில், பிடி மரம் காய்ந்து சுருங்கியதும் அலகு ஆடும். ஓங்கும்போது கழன்று பறக்கும். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, ரிவெட் அடித்திருக்க வேண்டும்.

வாங்குமுன் கத்தியின் வாயில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் (இரும்பின் கடினம்) அதிகம், விறகின் கணுவில் பட்டு வாய் தெறிக்கும். ஆழமாகக் கடித்தால் பதம் குறைவு. லேசாகக் கடிப்பதே சரி.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் மரம் வெட்டுவதும் குற்றம். சுள்ளி பொறுக்குவதென்றாலும் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.