1900-ஆம் ஆண்டுத் தேதிக்குப் பைத்தான் +5:30 காட்டாமல் +5:21:10 காட்டுகிறதே, இது பக்-ஆ?

பக் இல்லை, அது பழைய மெட்ராஸ் நேரம். 'ஏசியா/கொல்கத்தா' மண்டலத் தரவில் 1870 முதல் 1905 முடியும்வரை அதுதான் பதிவாகியிருக்கிறது. 1906 ஜனவரி 2 கொடுத்துப் பாருங்கள், +5:30 வரும்.

பைத்தானில் நேர மண்டலங்களைக் கையாளும் ஸோன்இன்ஃபோ மாட்யூல் சொந்தமாக எதையும் முடிவுசெய்வதில்லை, ஐயானா (இணையப் பெயர்கள், எண்களை நிர்வகிக்கும் அமைப்பு) வெளியிடும் நேர மண்டலத் தரவைப் படிக்கிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் சிஸ்டத்திலேயே இருக்கும். விண்டோஸில் இருக்காது, பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாக அந்தத் தரவு அடங்கிய 'டிஇசட்டேட்டா' பேக்கேஜைப் போடாவிட்டால் மண்டலம் கிடைக்கவில்லை என்ற எரர்தான் (அதுவும் பக் அல்ல).

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், மண்டலத் தரவில் உள்ள நேரங்களைக் காட்டும் 'இசட்டம்ப்' கட்டளையை லினக்ஸ் டெர்மினலில் ஓட்டுங்கள். அங்கும் அதே தவறு என்றால் கோளாறு தரவில். ஐயானாவின் தரவுக் குழுவுக்கு எழுத வேண்டும். பைத்தான் மட்டும் தவறினால் சிபைத்தானின் (பைத்தானின் அதிகாரபூர்வ வடிவம்) கிட்ஹப் பக்கத்தில் இஷ்யூ, அதாவது பிழைப் புகார், திறக்கலாம். அதில் நாலைந்து வரி நிரல், எதிர்பார்த்த விடை, வந்த விடை, பைத்தான் பதிப்பு, ஓஎஸ் எல்லாம் வேண்டும். நேர மண்டலத் தரவின் பதிப்பையும் விட்டுவிடாதீர்கள்: அது தெரியாமல் மற்றவர்களால் அதே விடையை வரவழைக்க முடியாது.